ஏழரை மணிப் பட்டியல்

மூன்று கிழமைகளாக எங்கள் அறையில் இரண்டு கம்பியூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழையது சுவரின் நீளத்துக்கு நின்று உறுமியது. புதியது ஓர் அலுமாரியின் அளவுதான். அதற்கு முன்னால் ஒரு சின்ன மேசை, மேசையில் பச்சை எழுத்துகள் ஒளிரும் திரை. இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒத்துவந்ததும் மனேஜர் இராசதுரையின் மேசையில் கிடக்கும் படிவத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அதன்பின் பழையதை நிறுத்துவார்கள். பழையதுக்கு அட்டை துளைத்துக் கொடுக்கும் ஸுல்பிகாவையும் நிறுத்துவார்கள்.

இந்தக் கடைசி விஷயம் படிவத்தில் இல்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. மனேஜர் அதை எனக்கு வாசிக்கத் தந்தார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஸுல்பிகாவுக்கும் தெரியும். புதிய மெஷினுக்கு அட்டை தேவையில்லை என்று தெரிந்த அன்றே அவளுக்கு மிச்சமும் விளங்கியிருக்கும்.

அது எண்பத்தோராம் ஆண்டு மாரி. எங்கள் கம்பெனி திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி. பதினாறு கேங் தொழிலாளர்கள். எந்தக் கேங்குக்குக் காலையில் கப்பல், எந்தக் கேங்குக்குப் பதினொன்றரைக்குப் பிறகு கப்பல், எந்தக் கேங் அன்று வேலையில்லாமல் கரையில் நிற்பது என்பதை ஒவ்வொரு நாளும் ஏழரை மணிக்கு ஒரு பட்டியல் சொல்லும். அந்தப் பட்டியலைப் போடும் புரோகிராமை எழுதியவள் நான். ஆறு வருடங்களுக்கு முன்னர் எழுதியது. அதற்கு முதல் கேற்றடியில் நாள் தவறாமல் வாக்குவாதம், சில நாட்களில் கைகலப்பு. புரோகிராம் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அதற்காகத் தலைமை அலுவலகம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அலுமாரியில் எந்தத் தட்டில், எந்தப் புடைவைக்குக் கீழே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இப்போது அந்தப் புரோகிராமோடு சேர்த்து நாற்பத்திரண்டு புரோகிராம்களைப் புதிய மெஷினுக்கு மாற்றியிருந்தேன். மொழி அதேதான். மாறியது அதற்கு அடியில் இருந்து மெஷினை ஆட்டுவிக்கும் ஒப்பரேட்டிங் சிஸ்டம். வீடு அதே, நிலம் வேறு என்று கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் சொல்லிச் சிரித்தார். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். எனக்கு நாற்பத்தொன்று.

பழைய சிஸ்டத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் முதலிலேயே அட்டைகளில் துளைத்து, ஒரு கட்டாக அடுக்கி, ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு நம்மை அது ஒன்றும் கேளாது. தேத்தண்ணி குடிக்கலாம், ஜன்னலால் கப்பலைப் பார்க்கலாம், திரும்பி வந்து அச்சான தாளைப் பார்க்கலாம். புதியது அப்படியில்லை. ஒன்றைத் தட்டினால் உடனே பதில் சொல்லும். பதில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று ஒரு சின்னப் பச்சைக் கட்டம் விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னல்தான் என்னைக் களைப்பாக்கியது. யாரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைப் போல. வாழ்நாளில் நான் சரியாக யோசித்ததெல்லாம் காத்திருக்கும் நேரங்களில்தான் என்பது அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

பின்னேரம் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். அதைத் துடைக்கக்கூட மனமில்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பேன். பாலையூற்றில் வீடு. என் கணவர் சின்னராசா கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை. வெள்ளி இரவு வந்து திங்கள் விடியப் போய்விடுவார். இன்னும் முடியவில்லையா என்று கேட்பார். இல்லை என்பேன். சரி, சாப்பிடுங்கள் என்பார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் களைப்பு.

முடியாததற்குக் காரணம், ஏழரை மணிப் பட்டியல் ஒத்துவரவில்லை. மற்ற நாற்பத்தொன்றும் ஒத்துவந்துவிட்டன. இது மட்டும் பதினெட்டு நாட்களில் ஏழு நாட்கள் பிழைத்தது. கேற்றில் ஒட்டுவது பழைய மெஷினின் பட்டியலைத்தான் என்பதால் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் மனேஜர் ஒவ்வொரு நாளும் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார். எப்ப கையெழுத்து வைக்கப் போறியள், மிஸிஸ் சின்னராசா என்று கேட்டார்.

பிழைத்த ஏழில் மூன்று வெள்ளிக்கிழமைகள். அதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சின்னச் சந்தோசம்கூட வந்தது. திகதியிலிருந்து கிழமையைக் கணிக்கும் இடத்தில் கோளாறு என்று நினைத்தேன். முழுதாக ஒரு வாரம் அந்தப் பகுதியை வரி வரியாக வாசித்தேன். ஒரு கோளாறும் இல்லை. மிச்ச நாலு நாட்களில் ஒரு திங்கள், இரண்டு செவ்வாய், ஒரு புதன். அவற்றுக்குள் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் கடும் மழை பெய்தது என்பதை நான் கவனிக்கவேயில்லை. புரோகிராமுக்குள் மழை இல்லை, அதனால் எனக்குள்ளும் இல்லை.

ஒருவகையில் அந்தப் பிழை கண்டுபிடிபடாமல் இருப்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அது இருக்கும்வரை படிவம் மேசையில் கிடக்கும். ஸுல்பிகா காலையில் வருவாள்.

அவள் கிண்ணியாவிலிருந்து வருகிறவள். விடிய எழும்பி, ஆறு மணிக்குக் கிண்ணியாத் துறையில் ஆட்களைக் கடத்தும் மிதவைக்கு வந்து நிற்பாள். அதை அங்கே பாதை என்பார்கள். முதல் பாதையில் கடந்து, பஸ் ஏறி, ஏழு மணிக்கு முன்னரே அட்டை அறையைத் திறந்துவிடுவாள். முப்பது வயதாகிறது. கலியாணம் ஒன்று பேசி நின்றுபோனது. தம்பி ஜெமீலின் வீட்டில் இருக்கிறாள். தம்பி மனைவிக்கு மூன்று பிள்ளைகள். வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள், சாப்பாட்டுக்குக் குறைவிராது, தம்பி நல்லவன், ஆனால் அந்தக் குசினிக்குள் போனால் பிறகு வெளியே வர ஒரு காரணமும் இருக்காது என்று. சொல்லிவிட்டு அட்டைப் பெட்டியைத் தட்டி நேராக்கினாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை பழைய மெஷினின் அட்டை வாசிக்கும் பகுதி இறுகிப்போனது. ஏழு இருபதாகியும் எடுபடவில்லை. மனேஜர் புதிய மெஷினின் பட்டியலையே ஒட்டச் சொன்னார். ஒட்டினோம்.

ஐந்து நிமிடத்தில் நாலாம் கேங் கங்காணி அபூதாஹிர் எங்கள் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது மனிதர், கிண்ணியாக்காரர். வந்து கண்ணாடியில் விரலால் தட்டினார். பட்டியலில் கிண்ணியாக் கேங்குகள் நாலில் மூன்றுக்குப் பதினொன்றரை முறை விழுந்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு ஸுல்பிகா தங்கச்சி வரல்லியா?"

வந்திருக்கிறா என்றேன்.

"அப்ப என்ன, அவவுக்கு நம்மளோட கோவமா?"

பழைய மெஷின் பழுது, இது புது மெஷின் போட்ட பட்டியல் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேற்றடிக்குப் போய் ஒன்பதாம் கேங் கங்காணி கனகசுந்தரத்தோடும் வேறு இருவரோடும் ஏதோ கதைத்தார். அவர்கள் தோளைத் தட்டிக்கொண்டு பிரிந்தார்கள். கிண்ணியாக்காரர் காலையில் கப்பலுக்குப் போனார்கள். ஒன்பதாம் கேங் நிழலில் குந்திப் பீடி பற்றவைத்தது. போகிற போக்கில் அபூதாஹிர் திரும்பிச் சொன்னார்.

"உங்கட மெஷினுக்குச் சொல்லிருங்க, நாங்க மாறிக்கிட்டம் எண்டு."

அவர்கள் ஏன் மாறினார்கள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஜும்ஆத் தொழுகை. விளங்காதது அவருடைய முதல் கேள்வி. பட்டியல் பிழைத்தால் அவர் ஏன் ஸுல்பிகாவைத் தேட வேண்டும்? அவள் எண்களைத் துளைக்கிறவள். பட்டியலை முடிவு செய்வது என் புரோகிராம். சனியும் ஞாயிறும் அந்தக் கேள்வி என்னோடு வீட்டில் இருந்தது. சின்னராசா இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையாம்.

ஞாயிறு பின்னேரம் பிடித்த மழை திங்கள் விடியவும் விடவில்லை. அவரை அனுப்பிவிட்டு நானும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். அட்டை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஸுல்பிகாவின் சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பதினாறு கேங் அட்டைகளையும் எடுத்து மேசையில் தட்டி நேராக்கினாள். பிறகு நடுவிலிருந்து ஒரு அட்டையை உருவிக் கடைசியில் வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. நாலாவது. எண்ணைப் பார்க்கவே இல்லை. சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தேடாமல் அழுத்துகிறவளைப் போல இருந்தது.

நான் கதவைத் தள்ளினேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அடுக்கிறன் அக்கா," என்றாள். பயப்படவில்லை. "தண்ணி நல்லா இழுக்குது. ரெண்டாவது பாதை எட்டு மணிக்கு முந்தி வராதாம், பாதைக்காரக் காக்கா சொன்னார். நம்மட ஆக்கள் அதுலதானே வருவாங்க. காலை முறைல பேர் விழுந்து ஆள் இல்லாட்டி, வராத கேங் எண்டு கடைசிக்குத் தள்ளிருவாங்க. அதான் பதினொண்டரைக்கு விழுற மாதிரி வெக்கிறன்."

நான் அங்கே கிடந்த முக்காலியில் இருந்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. முறை கணிக்கும்போது ஐந்தாறு கேங்குகள் ஒரே நிலையில் வந்து நிற்கும். அவற்றுள் யார் முந்தி என்பதற்கு நான் தனியாக ஒரு விதி எழுதவில்லை. முதலில் வாசிக்கப்பட்ட அட்டைக்கு முதலிடம் என்று விட்டிருந்தேன். பழைய மெஷின் அட்டைகளை வைத்த ஒழுங்கில் வாசிக்கும். புதிய சிஸ்டத்தில் அட்டையே இல்லை. பதிவுகள் டிஸ்கில் கிடக்கும். அவற்றைக் கேங் எண்ணின்படி தானே ஒழுங்காக்கிக்கொண்டுதான் அது கொடுக்கும். அங்கே கை வைக்க ஏலாது. மூன்று கிழமைகளாக நான் தேடிய கோளாறு ஸுல்பிகாவின் இரண்டு விரல்கள்.

"ஆறு வருசமாவா?"

"இல்ல. முதல் வருசம் சும்மாதான் அடுக்கினன். அந்த வருசமெல்லாம் கேற்றடில சண்டதானே." வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாக் கேங்குகளை முன்னுக்கு வைப்பாள். ஆடி அமாவாசைக்கும் தைப்பொங்கலுக்கும் மற்றக் கேங்குகளுக்கு வசதியாக மாற்றுவாள். யாருடைய வீட்டிலாவது செத்தவருக்கு எட்டுச் செலவு என்றால் அந்தக் கேங் கரையில் நிற்கும்படி பார்ப்பாள். இதெல்லாம் பஸ்ஸிலும் பாதையிலும் அவள் காதில் விழுவது. ஒருவருக்கும் தொடர்ந்து இரண்டு தரம் நட்டமில்லாமல் மனதில் வைத்திருந்தாள். சொல்லிக்கொண்டே போனாள். அவள் வெள்ளிக்கிழமைகளில் லீவு எடுத்ததே இல்லை என்பதும், காய்ச்சலோடுகூட மாரியில் வேலைக்கு வந்தாள் என்பதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நல்ல பிள்ளை என்று மட்டும் அப்போது நினைத்திருந்தேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும் எண்டுதான் இருந்தன். முதல் அட்டைக்கு முதல் இடம் எண்டு நீங்கதானே எழுதி வெச்சீங்க. எங்கட கைக்கு ஒரு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கீங்க எண்டு நெனச்சன்."

நான் ஒரு இடமும் விடவில்லை. அந்தப் பின்னேரம் எனக்குத் தலையிடி. இன்னொரு விதி எழுத அலுப்பாக இருந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டது அப்படியே கிடந்துவிட்டது. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அலுமாரியில் கிடக்கும் கடிதம் நினைவுக்கு வந்தது.

அன்று முழுவதும் திரைக்கு முன்னால் இருந்து பச்சைக் கட்டம் மின்னுவதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விதியை எழுத அரை மணித்தியாலம் போதும். பெருநாட்களை ஒரு அட்டவணையாகப் போட்டுவிடலாம். அதோடு பிழைகள் பாதியாகும். மழை நாட்களை விட்டுத்தள்ளி, இவ்வளவு போதும் என்று நான் கையெழுத்து வைத்தால் மனேஜர் மறுக்க மாட்டார். ஸுல்பிகாவுக்குத் தெரிந்ததை வாங்கி மெஷினுக்குள் வைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பியதாக இருக்கும். ஆனால் பாதை பிந்துமா என்பதை எந்த அட்டவணையில் போடுவது? அதை முதல் பாதையில் வந்த ஒருத்திதான் சொல்ல முடியும். நடப்பதை அப்படியே மனேஜரிடம் சொன்னால், ஐந்து வருடம் அட்டையை மாற்றினாள் என்பதுதான் அவர் காதில் நிற்கும். அப்படிச் சொல்லி ஒருத்தியை அனுப்பினால் பிறகு அவளை எங்கும் எடுக்க மாட்டார்கள்.

மறுநாள் மனேஜரின் அறைக்குப் போனேன். புதிய சிஸ்டத்தில் ஒரு குறை இருக்கிறது என்றேன். காலையில் எந்தக் கேங் வரும், எது பிந்தும், எதற்கு என்ன வசதி என்பதை ஒருவர் ஏழே காலுக்குத் திரையில் பதிய வேண்டும். பதியும்வரை புரோகிராம் கேட்டுக்கொண்டு நிற்கும்படி எழுதப்போகிறேன் என்றேன். இதுவரை அது எப்படி நடந்தது என்று அவர் கேட்டார்.

"ஸுல்பிகா அட்டையை மாத்தி அடுக்குவா. நான் சொல்லித்தான் செய்தவ."

சொல்லும்போது நாக்குத் தடுமாறவில்லை. பழியை என் மேல் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தைகள் வெளியே வந்த வேகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. அதை அப்போதே கவனித்தேன். கவனித்தும் சொன்னதை மாற்றவில்லை.

மனேஜர் பேனையை மூடித் திறந்தார். இனி இதை யார் பதிவது என்று கேட்டார். ஸுல்பிகாதான், வேறு ஒருவராலும் ஏலாது என்றேன். காரணத்தோடு எழுதித் தரும்படியும், கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஸுல்பிகாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் தெளிவதைப் பார்க்கக் காத்திருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லித்தான் செய்தீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று முடித்தேன்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"நீங்க சொல்லித்தான் செஞ்சன் எண்டா சொன்னீங்க?"

"உங்களைக் காப்பாத்தத்தான்..."

"ஊட்டில எல்லாம் மத்தவங்க சொல்லித்தான் நான் செய்யிற, அக்கா. சோறாக்கிறதும், புள்ளையத் தூக்கிறதும், இந்த முக்காடும். இது ஒண்டுதான் ஆரும் சொல்லாம நான் செஞ்சது." குரல் உயரவில்லை. "வேல போனாலும் பரவால்ல. நான் போய்ச் சொல்லப் போறன்."

கையைக் கழுவிவிட்டுப் போனாள். தடுக்க எழும்பினேன், திரும்ப இருந்தேன். மனேஜரின் அறைக் கண்ணாடிக்குள்ளால் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. கையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனேஜர் தலையை நிமிர்த்தவில்லை. நான் என் வாழ்க்கையில் அவளளவு துணிந்து எதையாவது என்னுடையது என்று சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றைச் சொல்லியிருந்தேன், அன்று காலையில். அதுவும் அவளுடையது.

பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு மாதிரியான குழப்பம்.

"என்ன சொன்னவர்?"

"தெரியும் எண்டார்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். ரெண்டாம் வருசமே அபூதாஹிர் காக்கா அவருக்குச் சொல்லியிருக்காராம். கேற்றடி அமைதியா இருந்திச்சாம், அதனால அவரும் பேசாம இருந்தாராம். கங்காணிமார், கேற்று வாச்சர், எல்லாருக்கும் தெரியுமாம்." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரிஞ்சுதான் பேசாம இருக்கீங்க எண்டு நெனச்சாராம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முக்காட்டுத் துணியை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடங்களாக இந்தத் துறைமுகத்தில் அந்தப் பட்டியலைப் புரோகிராம்தான் போடுகிறது என்று நம்பியிருந்த ஒரே ஆள் நான். காலையில் நான் சொன்ன பொய்யைப் பேனையை மூடித் திறந்துகொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்த விதம் நினைவுக்கு வந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் மனேஜர் என் மேசையடியில் நின்றார். என் கடிதம் அவர் கையில் இருந்தது.

"கொழும்புக்குக் காட்ட எனக்கு ஒரு காரணம் வேணும். பாதை பிந்திறது உண்மைதானே, அது காணும். ஆனா இதை ஆர் யோசிச்சுச் செய்ததெண்ட இடத்தில அந்தப் பிள்ளையின்ர பேரைப் போட்டு இன்னொருக்கா எழுதித் தாங்கோ."

கடிதத்தை வைத்துவிட்டுப் போனார். அதிகம் சொல்லாதது அவருடைய மரியாதை. பஸ்ஸைத் தவறவிட்டு, இருந்து திருப்பி எழுதினேன்.

அதன்பின் இரண்டு கிழமைகள் ஸுல்பிகா ஒவ்வொரு காலையும் முதலில் அட்டைகளை அடுக்குவாள்; பிறகு அதே ஒழுங்கைத் திரையில் பதிவாள். இரண்டு பட்டியல்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தன. படிவத்தில் கையெழுத்து வைத்தேன். இரண்டு சிஸ்டங்களும் ஒரே விடையைத் தருகின்றன என்று அதில் அச்சடித்திருந்தது. கொழும்பிலிருந்து பதில் வந்தது: ஒரு வருடத்துக்கு ஸுல்பிகா இருக்கலாம், பிறகு பார்ப்போம். பிறகு பார்ப்போம் என்பதன் நீளம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வருடம் என்று தம்பியிடம் சொல்லவில்லையாம், நிரந்தரம் என்று சொல்லிவிட்டாளாம்.

என்னோடு அவள் முன்போலத்தான் கதைத்தாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் பிந்தி வந்து இருப்பாள். அது எனக்கு விளங்கியது.

தைமாதத்தில் ஒரு காலை, பழைய மெஷினை நிறுத்திவிட்டோம். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஸுல்பிகா ஈரச் செருப்போடு வந்து திரைக்கு முன்னால் இருந்தாள். அட்டைகளைத் தட்டி நேராக்கிப் பழகிய கைகள் மேசையில் எதையோ தேடிவிட்டு விசைப்பலகைக்கு வந்தன. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். புதிதாக எழுதிய பகுதியைத் திரைக்குக் கொண்டுவந்து காட்டினேன். ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும், எழுதியவர் என்று ஒரு வரி உண்டு. மெஷினுக்கு அது தேவையில்லை, பார்த்துவிட்டுத் தாண்டிவிடும். அந்த வரியில் என் பெயர் இருந்தது: குணேஸ்வரி சின்னராசா. இந்தப் பகுதிக்கு அவளுடைய பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாட்களாக யோசித்து வைத்திருந்த கேள்வி.

அவள் கண்ணைச் சுருக்கி அந்த வரியை வாசித்தாள்.

"வேணாம் அக்கா. பேர் போட்டா, பிழ வந்தா என்னைத்தான் தேடி வருவாங்க. மனேஜருக்குத் தெரிஞ்சாக் காணும். இது உங்கட பேரே இருக்கட்டும்."

நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அவள் கேங் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்பதாம் கேங்கில் நின்று ஒரு கணம் யோசித்து, கரைக்கு மாற்றினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பச்சைக் கட்டம் மின்னிக்கொண்டு காத்திருந்தது. அது காத்திருப்பது அவளைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

அச்சான தாளைக் கிழித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அபூதாஹிர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தாளை வாங்கினார், பார்க்கவில்லை.

"தங்கச்சி வந்துட்டாவா?"

"ஓம்," என்றேன்.

அவர் அதை வாசிக்காமலே கொண்டுபோய்க் கேற்றில் ஒட்டினார்.